பெயர் மறைத்த ஜாஸ்: பிளைண்ட்ஃபோல்ட் டெஸ்டும் அதற்கான கருவிகளும்

ஒருவர் பத்துப் பன்னிரண்டு ஜாஸ் ஒலிப்பதிவுகளைப் பெயர் நீக்கிக் குழுவுக்குத் தருகிறார். மற்றவர்கள் கேட்டுவிட்டு, இது என்ன ட்யூன், எந்தக் காலத்துப் பதிவு, டிரம்பெட்டில் யார், டிரம்ஸில் யார் என்று காரணத்தோடு எழுதுகிறார்கள். பிளைண்ட்ஃபோல்ட் டெஸ்ட் என்று ஜாஸ் ரசிகர்கள் சொல்லும் விளையாட்டு இவ்வளவுதான். ஆனால் தயாரிப்பில் ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும் மொத்தமும் வீணாகிவிடும். விளையாட்டின் இரண்டு வடிவங்களையும், அதை நடத்தவும் ஆடவும் பயன்படும் மென்பொருள்கள், தரவுத்தளங்களையும் இங்கே எடைபோட்டிருக்கிறேன். அளவுகோல் ஒன்றுதான்: கருவி காதுக்குத் துணை நிற்க வேண்டும், காதின் வேலையைப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது.

விளையாட்டின் மூலம் பத்திரிகையில் இருக்கிறது. விமர்சகர் லியோனார்ட் ஃபெதர் 1946-ல் மெட்ரோனோம் இதழில் தொடங்கிய பகுதி இது. முதலில் கேட்க உட்கார்ந்தவர் பியானோ கலைஞர் மேரி லூ வில்லியம்ஸ். பின்னர் ஃபெதரோடு சேர்ந்து பகுதியும் டவுன்பீட் இதழுக்குப் போனது. யார் என்று ஊகிப்பதோடு, 5 நட்சத்திரத்தில் எத்தனை தருவீர்கள் என்றும் கேட்பவர் சொல்ல வேண்டும். 1951-ல் டிரம்பெட் கலைஞர் ராய் எல்ட்ரிட்ஜ், வாசிப்பவர் கறுப்பரா வெள்ளையரா என்பதைக் கேட்டே சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கையோடு உட்கார்ந்தார். பல இடங்களில் தவறிப்போனார். பெயரும் அட்டைப்படமும் நம் காதை எவ்வளவு தூரம் வழிநடத்துகின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை வேறு இல்லை. விளையாட்டின் மதிப்பே அங்கேதான் இருக்கிறது.

ஒரே அமர்வா, ஒரு மாதமா

ஓர் அறையிலோ காணொளி அழைப்பிலோ எல்லோரும் சேர்ந்து இரண்டு மணி நேரம் கேட்பது ஒரு வடிவம். கோப்புகளை அனுப்பிவிட்டு மூன்று நான்கு வாரம் அவகாசம் கொடுத்து, கடைசியில் விடை வெளியிடுவது இன்னொன்று.

ஒரே அமர்வுக்கு 6 முதல் 8 ட்ராக் போதும். ஒவ்வொன்றையும் இரண்டு முறை ஒலிக்கவிட வேண்டும்: முதல் முறை வாய் திறக்காமல் கேட்க, இரண்டாம் முறை குறிப்பெடுக்க. 5 நிமிட ட்ராக் என்றால் கேட்பதற்கு 10 நிமிடம், பேசுவதற்கு 5 நிமிடம். 8 ட்ராக்கில் இரண்டு மணி நேரம் முடிந்துவிடும். அதற்கு மேல் காது களைத்துப்போய், கடைசி இரண்டு ட்ராக்குக்கும் ஏனோதானோ என்று பதில் வரும். மாதக்கணக்கில் ஆடும் வடிவத்துக்கு 10 முதல் 14 ட்ராக். மொத்த நேரத்துக்கு ஒரு சிடி-ஆரின் கொள்ளளவான 80 நிமிடம் நல்ல உச்சவரம்பு.

கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் நீண்ட வடிவமே மேல். பேஸ் வாசிப்பவர் யார் என்ற கேள்வியே பெரும்பாலும் மூன்றாம் நான்காம் முறை கேட்கும்போதுதான் மனதில் எழும். ஒரே அமர்வில் கலகலப்பு உண்டு, ஆனால் ஒரு நிரந்தரக் குறையும் உண்டு: முதலில் யாராவது "கோல்ட்ரேன்" (சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன்) என்று உரக்கச் சொல்லிவிட்டால், அதன்பிறகு அறையில் எல்லோருக்கும் கோல்ட்ரேன்தான் கேட்கும். எல்லோரும் தாளில் எழுதி முடிக்கும்வரை யாரும் பேசக் கூடாது என்ற விதியைக் கறாராக வைத்தால்தான் இந்த வடிவம் தேறும். நீண்ட வடிவத்துக்கு 5-க்கு 4.5 நட்சத்திரம் தரலாம். ஒரே அமர்வுக்கு 3.5.

காணொளி அழைப்பில் ஆடுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. இந்தச் செயலிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. டிரம்ஸில் குச்சிக்குப் பதில் பிரஷ் தொடர்ந்து உரசும் ஒலியையும் சிம்பல் ஒலியையும் இரைச்சல் என்று எண்ணி அழித்துவிடும். மைக் வழியாக ஒலிபரப்பாமல், கணினியின் ஒலியை நேரடியாகப் பகிரும் வசதியை ஸ்டீரியோவில் வைத்துப் பயன்படுத்துங்கள். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' அமைப்பை இயக்கினால் மைக் ஒலியும் ஓரளவு தேறும். ஆனால் திரையைப் பகிரவே கூடாது. பிளேயரின் ஓரத்தில் அட்டைப்படம் எட்டிப்பார்க்கும்.

கோப்பு தயாரிப்பு: பாதி ஆட்டம் இங்கேயே தோற்கிறது

கோப்பின் பெயரை 01, 02 என்று மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். எம்பி3 கோப்பின் உள்ளே கலைஞர் பெயர், ஆல்பம், ஆண்டு, அட்டைப்படம் எல்லாம் தனியே எழுதப்பட்டிருக்கும். அதுவும் ஒரே இடத்தில் இல்லை: ஐடி3 என்ற குறிப்பு முறையின் புதிய வகைக் குறிப்பு கோப்பின் தலையிலும், பழைய வகைக் குறிப்பு கடைசி 128 பைட்டிலும் இருக்கும், சில கோப்புகளில் ஏப் வகைக் குறிப்பு ஒன்றும் ஒளிந்திருக்கும். ஒரு மென்பொருளில் காலியாகத் தெரியும் கோப்பு, இன்னொருவரின் கைப்பேசியில் முழுப் பெயரோடு திறப்பது இதனால்தான்.

இதற்கு மிகப் பாதுகாப்பான வழி ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள். ட்ராக்கை அதில் திறந்து, மெட்டாடேட்டா (கோப்புக் குறிப்புகள்) பெட்டியை முழுதாகக் காலி செய்து, வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்து, அந்த வேவிலிருந்து புதிதாக எம்பி3 எடுங்கள். மூலக்கோப்பை நேரடியாக எம்பி3-யிலிருந்து எம்பி3-க்கு மாற்றினால் பழைய குறிப்புகளும் கூடவே வர வாய்ப்பிருக்கிறது. கடைசியாக எம்பி3டேக் மென்பொருளில் எல்லாக் கோப்புகளையும் ஒருசேரத் திறந்து, எல்லாப் பத்திகளும் வெறுமையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஏதேனும் மிச்சமிருந்தால் அங்கேயே மொத்தமாக நீக்கிவிடலாம்.

ஆடாசிட்டியின் இன்னொரு பெரிய உதவி ஒலி அளவைச் சமன் செய்வது. 1938-ன் 78 ஆர்பிஎம் தட்டிலிருந்து எடுத்த ட்ராக்குக்கு அடுத்து, அண்மைக் காலத்தில் அழுத்தி மாஸ்டர் செய்த சிடி ட்ராக் வந்தால், கேட்பவர் கை ஒலி திருகியிலேயே இருக்கும். லவுட்னஸ் நார்மலைசேஷன் எஃபெக்டில் மைனஸ் 18 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் ஒலி உரப்பின் அலகு) என்று வையுங்கள். மைனஸ் 14 வரை ஏற்றினால், அமைதியான பிரஷ் வாசிப்புக்கு நடுவே திடீரென்று அடிக்கும் ஸ்னேர் டிரம்மின் உச்சங்கள் உடைந்துபோகும். மோனோ ட்ராக் இருந்தால் அதை இரட்டை மோனோவாகக் கணக்கிடும் தேர்வை இயக்கிவிடுங்கள். இல்லையென்றால் அந்த ட்ராக் மட்டும் 3 டெசிபல் பிசகி நிற்கும். ஏற்றுமதியில் 192 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே போக வேண்டாம். அழுத்தம் கூடும்போது முதலில் சிதைவது, டிரம்மர் தாளத்தை ஓட்டும் ரைடு சிம்பல். டிரம்மரைக் கண்டுபிடிக்க இருக்கும் முதன்மையான தடயமே அதுதான்.

அடுத்து, ட்ராக்கின் நீளம். 6 நிமிடம் 43 நொடி என்பதே ஒரு விலாசம். தரவுத்தளத்தில் ட்யூன் பெயரோடு நேரத்தைச் சேர்த்துத் தேடினால் பதிவு அகப்பட்டுவிடும். முடிவில் 5 முதல் 20 நொடிவரை வெவ்வேறு அளவில் மௌனம் சேர்த்துவிட்டால் இந்தக் கதவு அடைபடும். நேரடி நிகழ்ச்சிப் பதிவுகளில் கைதட்டலுக்குப் பிறகு குழுத்தலைவர் பெயர் சொல்லும் பகுதியை வெட்டுங்கள், நடுவில் "யெஸ், இன்னார்!" என்று கூட்டத்தில் யாராவது கத்தும் இடங்களையும் முழு ட்ராக்கைக் கேட்டே கண்டுபிடிக்க வேண்டும்.

அடையாளம் காணும் செயலிகளை ஏமாற்ற, சிலர் ட்ராக்கின் சுருதியை அரை ஸ்வரம் உயர்த்திவிடுகிறார்கள். இதைச் செய்யவே செய்யாதீர்கள். சுருதி கூடினால் டெனர் சாக்ஸபோனின் குரலே மாறி ஆல்டோவை நெருங்கும். எந்தக் கீயில் வாசிக்கிறார்கள் என்ற தடயமும் கெடும். மூலத்திலேயே வேகம் பிசகியிருந்தால் அதைத் திருத்துவது வேறு விஷயம். 1920-களின் தட்டுகள் எல்லாமே சரியாக 78-ல் பதிவானவை இல்லை. ஜாஸ் ஊதுகருவிக்காரர்கள் பெரும்பாலும் பி-ஃபிளாட், ஈ-ஃபிளாட், எஃப் போன்ற கீகளில் வாசிப்பவர்கள். ஒரு பழைய பதிவு பி நேச்சுரலில் கேட்டால், வேகம் தவறு என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். அரை ஸ்வரத்துக்கு ஏறக்குறைய 6 சதவீத வேகம். சுருதியும் தாளவேகமும் சேர்ந்து மாறும் எஃபெக்டைத்தான் பயன்படுத்த வேண்டும். பிற்காலப் பதிவுகளிலும் இது நடந்திருக்கிறது: மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தின் முதல் மூன்று ட்ராக்குகள், 1959-ல் டேப் இயந்திரத்தின் வேகக் கோளாறால் சுருதி கூடியே வெளியாகி, 1990-களின் மறுவெளியீடுகளில்தான் சரிசெய்யப்பட்டன.

ஆடாசிட்டிக்கு 5 நட்சத்திரம். இலவசம், தேவையான எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது. ஸ்ட்ரீமிங் செயலியின் பிளேலிஸ்ட்டைப் பகிர்ந்து ஆட்டம் நடத்தலாமா என்று கேட்பவர்களுக்கு: முடியாது. பெயரை மறைக்க வழியே இல்லை.

ஷசாம் வகைச் செயலிகள்

ஒலியைக் கேட்டே பதிவை அடையாளம் காணும் இவை ஆடுபவர்களுக்குத் தடை. அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் நடத்துபவருக்கு இவற்றால் ஒரு பயன் உண்டு. ஷசாம், ஒலியின் அதிர்வெண் வரைபடத்தில் உச்சங்களை எடுத்து, அவற்றுக்கு இடையேயான கால இடைவெளிகளைக் கொண்டு ஒரு கைரேகை உருவாக்குகிறது. ஆகவே அது கண்டுபிடிப்பது ட்யூனை இல்லை, குறிப்பிட்ட அந்த ஒரு பதிவை. அதே நாள், அதே குழு, அதே ட்யூன், ஆனால் இரண்டாவது டேக் (மறுபடி வாசித்து எடுத்த பதிவு) என்றால் அதற்கு அது வேறு பொருள். வெளியாகாத வானொலிப் பதிவுகளிலும் ரசிகர்கள் எடுத்த நேரடிப் பதிவுகளிலும் அது மௌனம் சாதிக்கும்.

ஜாஸில் இதன் பெரிய குறை, சரியான பதிவைக் கண்டுபிடித்தாலும் தவறான தகவலைச் சொல்வதுதான். மூல எல்பி இசைத்தட்டின் பெயருக்குப் பதில், எப்போதோ வந்த ஏதோ ஒரு தொகுப்பின் பெயரும் அந்தத் தொகுப்பின் ஆண்டும் வரும். 1957-ல் பதிவான ட்ராக்குக்கு 2008 என்று காட்டினால், அதை அப்படியே விடைத்தாளில் எழுதும் நடத்துபவரால் ஆட்டமே குழம்பும். மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்டு என்ற மென்பொருள் இதைவிட நாணயமானது: அக்கூஸ்ட்ஐடி முறையில் முதல் 2 நிமிடத்தை வைத்துக் கைரேகை எடுத்து, அந்தப் பதிவு இடம்பெற்ற பல வெளியீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். உங்கள் கோப்பு நீங்கள் நினைக்கும் டேக்தானா என்று சோதிக்க இது நல்லது. ஷசாமுக்கு 2, பிக்கார்டுக்கு 3.5.

தரவுத்தளங்கள்: எதை எதற்கு நம்புவது

டிஸ்காக்ஸ் தளம் 2000-ல் மின்னணு இசைத் தட்டுகளுக்காகத் தொடங்கப்பட்டது. அந்தப் பிறவிக்குணம் இன்றும் தெரிகிறது: அதன் அலகு வெளியீடு, பதிவு அமர்வு இல்லை. லேபிள், கேட்டலாக் எண், எந்த நாட்டு அச்சு, அட்டையின் பின்பக்கப் படம் ஆகியவற்றுக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் மூன்று வெவ்வேறு அமர்வுகளைச் சேர்த்து வந்த எல்பியில் இரண்டு டிரம்மர்கள் இருந்தால், யார் எந்த ட்ராக்கில் என்பது பல பக்கங்களில் இருக்காது. அட்டையில் அச்சானது அப்படியே ஏறும் என்பதால் அட்டையின் தவறும் ஏறும். 3.5.

டாம் லார்டின் 'தி ஜாஸ் டிஸ்காகிராஃபி' (டிஸ்காகிராஃபி என்றால் ஒலிப்பதிவுகளின் விவரப் பட்டியல்) அமர்வை அலகாகக் கொண்டது. 1992 முதல் அச்சுத் தொகுதிகளாக வந்து, இன்று சந்தா கட்டி இணையத்தில் பார்க்கலாம். ஒவ்வொரு அமர்வுக்கும் தேதி, ஊர், யார் எந்தக் கருவி, மேட்ரிக்ஸ் எண் (நிறுவனம் பதிவுக்கு இடும் அடையாள எண்), டேக், எந்தெந்தத் தட்டில் வந்தது எல்லாம் ஒரே பத்தியில் கிடைக்கும். ட்யூன் பெயரை வைத்து, அதை யார் யார் பதிவு செய்தார்கள் என்று பார்க்கலாம். விளையாட்டுக்கு உயிர்நாடி இந்த வசதிதான். ட்யூனைக் காதால் கண்டுபிடித்துவிட்டீர்கள், காலம் 1955-க்கும் 1960-க்கும் இடையே, டெனரும் டிராம்போனும் முன்வரிசையில், கிட்டார் இல்லை என்பதையும் கேட்டுவிட்டீர்கள் என்றால், பட்டியலில் எஞ்சுவது விரல்விட்டு எண்ணும் அளவுதான். காது செய்த வேலைக்குக் கிடைக்கும் நேர்மையான பலன் அது. இப்படித் தேடலாமா கூடாதா என்பதை ஒவ்வொரு குழுவும் ஆட்டத்துக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். என் பரிந்துரை: முதல் இரண்டு வாரம் வெறும் காது, மூன்றாம் வாரத்திலிருந்து டிஸ்காகிராஃபி அனுமதி, இரண்டு பதில்களையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். 5 நட்சத்திரம்.

78 ஆர்பிஎம் காலத்துக்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், சான்டா பார்பரா நடத்தும் அமெரிக்க வரலாற்று ஒலிப்பதிவுத் தரவுத்தளம் இருக்கிறது. விக்டர், கொலம்பியா, பிரன்ஸ்விக், ஓகே போன்ற நிறுவனங்களின் அமர்வு விவரங்கள் இலவசமாகக் கிடைக்கும். 1942-க்கு முந்தைய பதிவுகளுக்கு பிரையன் ரஸ்ட்டின் டிஸ்காகிராஃபியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

கேட்கும் வரிசை

புதிதாக வருபவர்கள் சோலோ வாசிப்பவரின் பெயரைத்தான் முதலில் தேடுகிறார்கள். தலைகீழாகப் போக வேண்டும்: முதலில் பதிவின் ஒலி, பிறகு ட்யூனின் கட்டமைப்பு, பிறகு (பியானோ, பேஸ், டிரம்ஸ் சேர்ந்த) ரிதம் செக்‌ஷன், கடைசியில் சோலோ.

முதல் 15 நொடியில் காலத்தைக் கணிக்கலாம். டபுள் பேஸுக்குப் பதில் டியூபா, டிரம்ஸ் என்ற பெயரில் வுட்பிளாக் மட்டும், எல்லாமே ஒரு தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஒலித்தால், மின் ஒலிப்பதிவு வந்த 1925-க்கு முந்தையதாக இருக்கலாம். மூன்று நிமிடத்தில் கச்சிதமாக முடிவது 10 அங்குலத் தட்டு. 1942 ஆகஸ்டில் தொடங்கிய அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் பதிவுத் தடையால், விக்டர், கொலம்பியா நிறுவனங்களில் 1944 நவம்பர் வரை அமர்வுகள் இல்லை. அந்த இடைவெளியின் ஒலி கேட்டால், படைவீரர்களுக்காக வந்த வி-டிஸ்க்காகவோ வானொலிப் பதிவாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு சாக்ஸபோன் முழுக்க இடப்பக்கமும் இன்னொன்று வலப்பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தால், 1950-களின் இறுதி, 60-களின் தொடக்க ஸ்டீரியோ. பேஸின் மரத்தன்மை போய், பிக்கப் வழியாக நேரே வரும் ரப்பர் போன்ற நீண்ட ஒலி கேட்டால் 1970-கள்.

ஸ்டுடியோவையும் காதால் பிடிக்கலாம். ஒலிப்பதிவுப் பொறியாளர் ரூடி வான் கெல்டர் 1959 வரை நியூ ஜெர்சியின் ஹேக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் பதிவு செய்தார். பிறகு இங்கிள்வுட் கிளிஃப்ஸில் உயரமான மரக்கூரை கொண்ட ஸ்டுடியோ. இரண்டிலும் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் முகத்துக்கு நேரே நிற்கும். பியானோ மட்டும் பெட்டிக்குள் அடைத்ததுபோல் மங்கலாக இருக்கும். அந்தப் பியானோ ஒலியைப் பழகிவிட்டால் ப்ளூ நோட், பிரெஸ்டீஜ் நிறுவனங்களின் பதிவுகளை முன்னுரையிலேயே சந்தேகிக்கலாம். முன்பு தேவாலயமாக இருந்த கொலம்பியாவின் 30-வது தெரு ஸ்டுடியோவில் காற்றோட்டமான எதிரொலி. 1969-ல் மன்ஃப்ரெட் ஐக்கர் தொடங்கிய ஈசிஎம் நிறுவனத்தின் பதிவுகளில் நீண்டு கரையும் எதிரொலியும் கண்ணாடிபோல் துலங்கும் சிம்பலும்.

அடுத்து எண்ணுங்கள். விரலில் நான்கு நான்காக எண்ணினால் (நான்கு தட்டு ஒரு பார்) ட்யூன் 12 பாரில் சுழல்கிறதா, 32 பாரில் சுழல்கிறதா என்று தெரியும். 32 என்றால் நடுவில் வேறுபட்டு வரும் 8 பார் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மெலடி தெரியாத பீபாப் (வேகமான, சிக்கலான ஜாஸ் பாணி) ட்யூனாக இருந்தால், சோலோ ஓடும்போது உங்களுக்குத் தெரிந்த பழைய பாட்டுகளை அதன்மேல் முணுமுணுத்துப் பாருங்கள். கார்டுகள் (ஒருசேர ஒலிக்கும் ஸ்வரக் கொத்துகள்) பொருந்தினால் வேர் கிடைத்துவிட்டது. 'ஆர்னிதாலஜி' நிற்பது 'ஹவ் ஹை தி மூன்' கார்டுகளின்மேல்; 'டோனா லீ' நிற்பது 'இண்டியானா'வின்மேல்.

டிரம்மர்களைக் கண்டுபிடிப்பது கடினம் என்ற பேச்சு பாதிதான் உண்மை. ஒவ்வொரு பாரிலும் நான்காவது தட்டில் மட்டும் ஸ்னேர் விளிம்பில் ஒரு குறுக்குக் குச்சித் தட்டு விழுந்து, இசைக்குழு முழுதும் அதன்மேல் சாய்ந்து ஓடினால், ஃபில்லி ஜோ ஜோன்ஸை முதலில் நினையுங்கள். ஹை-ஹாட் (காலால் மூடும் இரட்டைச் சிம்பல்) இரண்டிலும் நான்கிலும் அசைக்கமுடியாமல் மூடி, புதிய கோரஸ் (ட்யூனின் ஒரு முழுச் சுற்று) தொடங்குமுன் ஸ்னேரில் நெருக்கமாக உருளும் பிரெஸ் ரோல் ஒன்று அலையாக எழுந்து சோலோயிஸ்டைத் தள்ளிவிட்டால் ஆர்ட் பிளேக்கி. முதல் தட்டு எங்கே என்றே பிடிபடாமல், மூன்று மூன்றாக உருளும் அடிகள் நான்கு கை கால்களுக்கும் பகிர்ந்து வந்தால் எல்வின் ஜோன்ஸ். ஆனால் இவர்கள் ஒவ்வொருவரையும் பின்பற்றி வாசித்தவர்கள் ஏராளம். காலத்தோடு பொருத்திப் பார்க்காமல் பெயர் எழுதக் கூடாது.

பேஸில் இரண்டு பேர் இலவசப் புள்ளி தருவார்கள். வில்லால் இழுத்தபடியே, அதற்கு ஓர் ஆக்டேவ் மேலே கூடப் பாடினால் ஸ்லாம் ஸ்டூவர்ட். அதே ஸ்தாயியில் கூடவே பாடினால் மேஜர் ஹோலி. உலோகப் பட்டைகளைக் குச்சியால் தட்டும் வைப்ரஃபோனில், ஒலியை அசைக்கும் மோட்டாரின் வேகத்தைக் கேளுங்கள்: மெதுவாக, மூச்சுபோல் அசைந்தால் மில்ட் ஜாக்சன் பக்கம், வேகமாக நடுங்கினால் லயனல் ஹாம்ப்டன் பக்கம், அசைவே இல்லாமல் நான்கு குச்சியில் கார்டுகள் வந்தால் கேரி பர்ட்டன் பக்கம். பியானோவில் இடக்கை கிட்டார்போல் நான்கு தட்டையும் மீட்ட, வலக்கை வேண்டுமென்றே பிந்தி வந்தால் எரோல் கார்னர்.

ஊதுகருவிகளில் சொற்றொடரின் முடிவைக் கவனியுங்கள். தொடக்கத்தை யாரும் காப்பியடிக்கலாம். கடைசி ஸ்வரத்தை வைப்ரேட்டோ நடுக்கத்தோடு விடுகிறாரா, வெறுமையாக வெட்டுகிறாரா, கீழே வழுக்கவிடுகிறாரா என்பதில்தான் ஆளின் பழக்கம் ஒளிந்திருக்கிறது. தாளத்துக்கு எவ்வளவு பின்னால் நிற்கிறார் என்பது இரண்டாவது தடயம். டெக்ஸ்டர் கார்டன் அவ்வளவு பின்னால் சாய்வார், நடுவில் பழைய பாட்டுகளின் துணுக்குகளையும் செருகுவார்.

எங்கே சறுக்கும்

கருவியையே தவறாகக் கேட்பதுதான் மிக அதிகம் நடப்பது. ஃபிளூகல்ஹார்னை டிரம்பெட் என்பார்கள். பாப் புரூக்மையரின் வால்வ் டிராம்போனைச் சாதாரண டிராம்போன் என்று வைத்துக்கொண்டு ஆளைத் தேடுவார்கள். ஃபிராங்கி டிரம்பாவரின் சி-மெலடி சாக்ஸபோன் ஆல்டோவுக்கும் டெனருக்கும் நடுவே நின்று குழப்பும். ஆஸ்கர் பெட்டிஃபோர்டு செல்லோவை விரலால் மீட்டினால் பேஸ் என்றே எழுதுவார்கள். ஆகவே விடைத்தாளில் ஆள் பெயருக்கு முன் கருவிக்கு ஒரு பத்தி தனியே வையுங்கள்.

அடுத்தது, புகழ்பெற்ற பெயருக்கே ஓடுவது. லெஸ்டர் யங்கின் வழியில் வந்த வெள்ளை டெனர்காரர்களில் ஸ்டான் கெட்ஸ், ஸூட் சிம்ஸ், ஆல் கோன் மூவரும் வெவ்வேறு குரல்கள். ஆனால் மென்மையான டெனர் என்றாலே கெட்ஸ் என்று எழுதிவிடுவார்கள். கோன் அவர்களில் கனமானவர், குரலில் ஒரு முரட்டுத்தனம் இருக்கும். சிம்ஸ் தாளத்தின் நட்டநடுவில் துள்ளி ஓடுவார். கெட்ஸின் மேல்ஸ்தாயியில் மூச்சு கலந்த ஓர் ஏக்கம் இருக்கும். மூவரையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துப் போட்டுப் பயிற்சி எடுத்தால் இந்தத் தவறு பெரிதும் குறையும்.

ட்ராக் தேர்வில் நடத்துபவர்கள் செய்யும் தவறு, யாருமே கேட்டிராத அரிய பதிவுகளாகவே அடுக்குவது. எல்லாரும் பூஜ்யம் வாங்கும் ஆட்டத்தில் யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை. தெரிந்த ஆள், தெரியாத இடம் என்பதே நல்ல சூத்திரம். 1953-ல் டொராண்டோவின் மேசி ஹாலில் பிளாஸ்டிக் ஆல்டோவோடு வாசித்து, ஒப்பந்தச் சிக்கலால் தட்டில் 'சார்லி சான்' என்ற பெயரில் வந்த சார்லி பார்க்கர்; லூயி ஸ்மித்தின் ஆல்பத்தில் 'பக்‌ஷாட் லா ஃபங்க்' ஆகப் பெயர் மாற்றிக்கொண்ட கேனன்பால் ஆடர்லி; 1958-ல் செசில் டெய்லரோடு ஒரே அமர்வில் உட்கார்ந்த கோல்ட்ரேன். இவற்றில் காது சரியாகச் சொன்னாலும் மூளை நம்ப மறுக்கும். முதல் ட்ராக் பாதிப்பேராவது கண்டுபிடிக்கக்கூடியதாக இருக்கட்டும், கடினமானவை நடுவில்.

புள்ளிகளுக்கு இந்த முறை நன்றாக வேலை செய்கிறது: ட்யூன் 1, காலம் 3 ஆண்டு பிழைக்குள் 1, குழுத்தலைவர் 2, மற்ற ஒவ்வொரு கலைஞருக்கும் 2, பெயர் தவறானாலும் காரணம் சரியாக இருந்தால் 1. அந்தக் கடைசிப் புள்ளியை விட்டுவிடாதீர்கள். "ஃபில்லி ஜோ இல்லை, ஆனால் நான்காவது தட்டில் குறுக்குக் குச்சி விழுகிறது" என்று எழுதியவர், யோசிக்காமல் சரியான பெயரை எழுதியவரைவிடக் குழுவுக்கு அதிகம் தருகிறார். பிடித்ததா என்ற நட்சத்திரத்தை இந்தக் கணக்கில் சேர்க்காமல், விடை வெளியாகும் முன்பே வாங்கிவிட வேண்டும். பெயர் தெரிந்தபின் நட்சத்திரத்தைக் கூட்டிக் குறைப்பது எல்லோருக்கும் வரும் ஆசை.

விடைத்தாளை ஆட்டம் தொடங்குமுன்பே எழுதி, இன்னொருவரிடம் பூட்டிய கோப்பாகக் கொடுத்துவிடுங்கள். அதில் ட்யூன், அமர்வுத் தேதி, ஊர், எல்லாக் கலைஞர்களும் கருவிகளும், மூல லேபிள், கேட்டலாக் எண், டேக் எண், இப்போது எந்த வெளியீட்டில் கிடைக்கிறது என்பவை இருக்க வேண்டும். ஒவ்வொரு விவரமும் இரண்டு இடங்களில் ஒத்துப்போக வேண்டும், அவற்றில் ஒன்று டிஸ்காகிராஃபியாக இருக்க வேண்டும். விடை சொன்ன பிறகு, ஒவ்வொரு ட்ராக்கிலும் அதிகம் பேர் தவறிய 30 நொடியை மட்டும் மறுபடி ஒலிக்கவிடுங்கள். அதற்கு வேண்டிய நிமிட நொடிக் கணக்கை விடைத்தாளிலேயே குறித்து வைத்தால் தேடி நேரம் போகாது.